பானெட்டின் இடது மூலை

எனக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில், ஆவணங்களைச் சரிபார்க்கும் மேசையில் இருபது வருடத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறேன். பழைய கையெழுத்தும் புதிய கையெழுத்தும் ஒன்றா, கைநாட்டு வைத்த விரல் அதே ஆளின் விரலா, சாட்சி என்று வந்து நிற்பவர் நேராகப் பார்த்துப் பேசுகிறாரா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் புத்தியை அலுவலகத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டு வர எனக்கு ஒருநாளும் முடிந்ததில்லை. காய்கறிக்காரரின் தராசைப் பார்ப்பேன், அப்புறம் அவர் முகத்தைப் பார்ப்பேன். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி தூங்கி விழுந்தால் உண்மையாகத்தான் தூங்குகிறாளா என்று கவனிப்பேன். "ஒன்ட்ட ஆண்டவனே நேர்ல வந்தாலும் ஆதார் அட்டை எங்கன்னு கேப்ப" என்பார் என் வீட்டுக்காரர்.

இப்படிப்பட்டவள் ஒரு புதுக் காரை வாங்கித் திறந்தவெளியில் நிறுத்தினால் நிம்மதியாகத் தூங்குவாளா?

எங்கள் வீட்டு ஆட்களில் கார் வாங்கிய முதல் ஆள் நான். மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் காடுகரை வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. மாட்டுவண்டி இருந்தது, டிராக்டர் இருந்தது, கார் மட்டும் கல்யாணத்துக்கு வாடகைக்கு வருவதுதான். ஷோரூமில் இருந்தவர் வெள்ளை நிறம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். கருநீலத்தில் தூசி தெரியும், கீறல் தெரியும், பராமரிப்பது கஷ்டம் மேடம் என்றார். மதுரையில் ஓடும் காரில் பாதி வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சுவர் போல இருக்கும் ஒன்றுக்காகவா நான் இத்தனை வருடம் பஸ்ஸில் தொங்கினேன் என்று தோன்றியது. கருநீலமே எடுத்தேன்.

வண்டியை நேராகப் பாண்டி கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டு, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வாசலில் ஆரத்தி எடுத்து பானெட்டில் மூன்று பொட்டு வைத்தேன். மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் ஈரத்துணியால் துடைத்தார், பொட்டு போயிற்று, பெயிண்ட் முகம் பார்க்கிற மாதிரி இருந்தது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

எங்கள் வீடு வண்டியூர்த் தெப்பக்குளத்தைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் காலி இடம். அதில்தான் காரை முன்பக்கமாக உள்ளே விட்டு நிறுத்துவோம். கூரை கிடையாது. வலதுபக்கம் எங்கள் வீட்டுச் சுவர். இடதுபக்கம் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவாக இடுப்பு உயரத்தில் ஒரு சுவர். அந்தப் பக்கம் நிற்பவர் கையை நீட்டினால் காரைத் தொடலாம். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போவது ஸ்கூட்டரில். கார் ஞாயிற்றுக்கிழமைக்கும் விசேஷத்துக்கும்தான். ஆறு நாள் நின்ற இடத்தில் நிற்கும்.

அதனால் கவர் வாங்கினோம். வெள்ளி நிறத்தில், கனமாக, தண்ணீர் உள்ளே இறங்காது என்று கடைக்காரர் சத்தியம் செய்த கவர். அடியில் இரண்டு பக்கமும் நாடா இருக்கும், வண்டிக்குக் கீழே விட்டு முடிச்சுப் போட வேண்டும். அந்த முடிச்சை நான்தான் போடுவேன். இரண்டு சுற்று, நுனி உள்பக்கம். வேறு யாராவது அவிழ்த்துக் கட்டினால் எனக்குத் தெரிந்துவிடும். அதற்காகத்தான் அப்படிப் போட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு கணவன் மனைவி, ஒரு பெண் பிள்ளை. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஷிப்டு வேலை. அவன் இன்வெர்ட்டருக்கும் காருக்கும் பேட்டரி விற்கும் கடை வைத்திருக்கிறான். கொட்டாம்பட்டிப் பக்கத்து ஆட்கள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய் அவளை நர்ஸுக்குப் படிக்க வைத்தவர்கள். குடிவந்த முதல் வாரத்திலேயே அவள் என் வீட்டுக்காரரை அண்ணே என்று கூப்பிட்டாள். அண்ணன் பெண்டாட்டி மதினிதானே, ஆகவே நான் மதினி ஆனேன். அவள் புருஷன் என் வீட்டுக்காரருக்கு மாப்ள ஆனான். இரண்டு ஆண்களும் விடியற்காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கப் போவார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள்தான். ஊரிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா அவள் மதினி என்று கூப்பிட்டதைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். அதெல்லாம் அந்தக் காலம் பெரியம்மா என்று நான் சொன்னேன். சொன்னதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அலுவலகத்தில் என்னை எல்லோரும் மேடம் என்பார்கள். அது நாற்காலிக்குச் சொல்வது. மதினி என்பது எனக்குச் சொல்வது. அவள் அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது.

கார் வந்த மறுவாரம் ஒருநாள் சாயங்காலம் நான் கவரை எடுத்துவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, "மதினி, இதுல முகம் பாத்துத் தல சீவலாம் போல, அம்புட்டுப் பளபளப்பு" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே வந்ததும் அந்தப் பேச்சையே நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று நினைத்தேன். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு பழக்கம் தொடங்கினேன்.

வேலைக்குக் கிளம்புமுன் ஒரு கிண்ணத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துக் குழைப்பேன். சிவந்து வரும். ஆரத்திக்குக் கரைப்பதுபோல் நீர்க்க இல்லாமல் கெட்டியாக வைத்துக்கொள்வேன். கவரை முழுதாகக் கழற்றினால் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார், பக்கத்து வீட்டிலும் கண்ணில் படும். அதனால் இடது மூலையில் கவரை லேசாகத் தூக்கிக் கையை மட்டும் உள்ளே விட்டு, மோதிர விரலால் மூன்று பொட்டு வைத்துவிட்டு மூடிவிடுவேன். ஏன் இடது மூலை என்றால் கண் வருவது அந்தப் பக்கத்திலிருந்துதானே. பொட்டு ஞாயிற்றுக்கிழமை வரை உள்ளேயே இருக்கும். ஞாயிறன்று வண்டியைக் கழுவும்போது வீட்டுக்காரர் அதைத் தேய்த்து எடுப்பார். "என்ன, காரு வயசுக்கு வந்துருச்சா, சடங்கு சுத்துற?" என்று ஒரு தடவை கேட்டார். அதோடு விட்டுவிட்டார்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, கழுவிக் காய்ந்த பிறகு சாய்ந்த வெயிலில் அதைப் பார்த்தேன். பானெட்டின் இடது மூலையில், எட்டணாக் காசை விடச் சின்னதாக, வெளிறிய வட்டம். நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். எண்ணெய் இருக்கும்வரை மறைந்தது, காய்ந்ததும் மறுபடி வந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. பெயிண்டின் மேல்தோல் வெந்துபோனது மாதிரி இருந்தது.

காக்கா எச்சமாக இருக்கும் என்றார் வீட்டுக்காரர். கவருக்குள் எந்தக் காக்கா வந்தது என்று கேட்டேன். வேப்பமரத்துப் பிசின் என்றார். வேப்பமரம் தெருக்கோடியில் இருக்கிறது, அது இங்கே வந்தா சொட்டிவிட்டுப் போனது? அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார். இந்த மனுஷனை நம்பி ஒரு குற்றத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்று முடிவு செய்தேன்.

அடுத்த வாரம் வட்டங்கள் நாலாயின. எல்லாம் இடதுபக்கம்தான். சுவரைப் பார்த்த பக்கம்தான். வலதுபக்கம் ஒரு பொட்டுச் சேதம் இல்லை. மறுநாள் பகல் முழுக்க அலுவலகத்தில் யாருடைய கையெழுத்தையும் நான் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தைதான் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஆசிட்.

பேட்டரிக் கடைக்காரனின் சட்டையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வயிற்றுப் பக்கமாகச் சின்னச் சின்ன ஓட்டை விழுந்திருக்கும். எலி கடித்ததா என்று ஒருநாள் நான் கேட்டபோது, ஆசிட் தெறிச்சது அக்கா, தொட்ட இடத்தை அரிச்சுரும் என்று அவனே சொல்லியிருக்கிறான். அப்போது பாவம் என்று நினைத்தேன். இப்போது அதே வார்த்தை எனக்கு வாக்குமூலமாகக் கேட்டது. நாங்கள் பகலில் வீட்டில் இல்லை. அவள் ஷிப்டு முடிந்து பகலில் வீட்டில் இருப்பவள். சுவர் இடுப்பு உயரம். முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று சொன்ன வாய். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்திற்று. ஓர் ஆவணத்தில் இவ்வளவு பொருந்தினால் நானே முத்திரை குத்தியிருப்பேன்.

பிறகு முடிச்சு. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தால், இடதுபக்க நாடாவில் என் முடிச்சு இல்லை. இறுக்கமாக, லாரியில் தார்ப்பாய்க்குப் போடுவது போன்ற முடிச்சு ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாப்ள கட்டியிருப்பான், காத்துல கழண்டுருக்கும் என்றார். உங்க மாப்ளைக்கு நம்ம கார் கவரில் என்ன வேலை என்றேன். நீ ஒரு தடவை அவங்ககிட்ட நேராக் கேளேன் என்றார். எந்தத் திருடன் கேட்டதும் ஒப்புக்கொள்வான்?

நான் கேட்கவில்லை. வேவு பார்த்தேன். மேல்மாடியில் துணி காயப்போடும் சாக்கில் நின்று அவர்கள் வீட்டு முற்றத்தைப் பார்த்தேன். அவள் கிண்ணம் கழுவினால் என்ன கிண்ணம் என்று பார்த்தேன். அவன் குழாயடியில் சோடா உப்புப் போட்டுக் கை கழுவுவதைப் பார்த்துவிட்டு, தடயத்தை அழிக்கிறான் என்று நினைத்தேன். பழைய கவர் மேல் நம்பிக்கை போய், உள்பக்கம் பஞ்சு மாதிரி மெத்தென்று துணி தைத்த வேறு கவர் வாங்கினேன். அதைப் போட்ட மறுவாரமும் வட்டம் கூடியது. பொட்டையும் கூட்டினேன். எந்த இடத்தில் வட்டம் இருந்ததோ அதை ஒட்டியே வைத்தேன். மூன்றுக்கு ஐந்து, ஐந்துக்கு ஏழு. புண்ணுக்கு மருந்து போடுகிற மாதிரிதான் அதை நினைத்தேன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கவரை எடுத்தபோது அந்த மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் வெளுத்திருந்தது. அழுகைதான் வந்தது. அழ வெட்கமாக இருந்ததால் கோபப்பட்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சண்டைக்கு நேராகப் போகமாட்டார்கள், சாடை பேசுவார்கள். சுவரைத் திட்டுவார்கள், கோழியைத் திட்டுவார்கள், கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கும். இருபது வருட அரசு உத்தியோகம் எல்லாம் அன்று எனக்கு எங்கே போயிற்றோ தெரியவில்லை. தெருவில் படுத்திருந்த செவலை நாயைப் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரலில் ஆரம்பித்தேன். சோறு வைத்தால் உனக்கு நன்றி இருக்கிறது, மனிதருக்கு இல்லை என்றேன். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஆசிட் தெளிக்கிற கை விளங்குமா என்றேன். நாய் எழுந்து போய்விட்டது. நான் நிறுத்தவில்லை.

அவள் இரவு வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்திருப்பாள் போல. தலை கலைந்து, முகம் வீங்கி, சுவரருகே வந்து நின்றாள்.

"மதினி, எங்களையா சொல்றீங்க?"

"நான் நாயிட்டப் பேசுறேன். குத்தமுள்ள நெஞ்சுதான் குறுகுறுக்கும்."

அவள் சுவர் மேல் கை வைத்து எட்டி பானெட்டைப் பார்த்தாள். அவளுக்கு உண்மையிலேயே திக்கென்றிருந்தது. இப்போது அந்த முகத்தை நினைத்தால் தெரிகிறது. அன்றைக்கு நடிப்பு என்று நினைத்தேன். "அவரு கடையில இருந்து வந்தா கையக் கழுவாம பெத்த பிள்ளையக்கூடத் தொடமாட்டாரு மதினி. உங்க வண்டியில போயி..." என்று தொடங்கினாள்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

"எல்லாம் எங்களச் சொல்லணும். இடம் குடுத்தது எங்க தப்பு."

இதற்கு மேல் விளக்கம் எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். அவர்கள் குடியிருப்பது அவர்கள் சொந்தப் பணத்தில் கட்டிய வீடு. என் இடத்தில் அவர்கள் குடியிருக்கவில்லை. நான் எந்த இடத்தைச் சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய அம்மாவுக்கும் அந்த அம்மாவுடைய அம்மாவுக்கும் தெரியும். பெரியம்மாவிடம் அந்தக் காலம் போய்விட்டது என்று சொன்ன அதே வாயால்தான் சொன்னேன்.

அவள் சுவரிலிருந்து கையை எடுத்தாள்.

"சரிங்க மேடம்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

நான்கு நாள் கழித்து அவர்கள் வீட்டு மாடி மூலையில் ஒரு கேமரா முளைத்தது. அது அவர்கள் வாசலைப் பார்க்கவில்லை. எங்கள் காரைப் பார்த்தது. பார், இப்போது நம்மை வேவு பார்க்கிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் குதித்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கையைக் கழுவினார். அவளே அவருக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறாள், இனிமேல் வண்டிக்கு ஏதாவது ஆனால் யார் என்று பார்த்துக்கொள்ளலாம் என்று. அண்ணே என்று கூப்பிடவில்லை, சார் என்றாளாம். அதற்குப் பிறகு அவர் தெப்பக்குளத்துக்குத் தனியாகத்தான் போனார். அவனும் நடக்க வந்தான், ஆனால் எதிர்ச்சுற்றாகச் சுற்றினான். சுற்றுக்கு இரண்டு தடவை ஒருவரையொருவர் கடக்க வேண்டியிருந்தது. இதை என் வீட்டுக்காரர் என்னிடம் குறையாகச் சொல்லவில்லை. யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார்.

கேமரா வந்த பிறகும் வட்டம் கூடியது. அதுதான் எனக்குக் குழப்பம். கேமராவை வைத்துக்கொண்டே எப்படிச் செய்கிறார்கள்? நிறுத்திவிட்டுச் செய்கிறார்களோ? என் புத்தி அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது. அவர்கள் செய்யவில்லை என்ற வழி மட்டும் அதற்குத் தெரியவில்லை.

ஆனி மாதம் பெயிண்ட் அடிக்கிறவரிடம் காரைக் கொண்டுபோனேன். ரிங் ரோட்டு ஓரம் தகரக் கொட்டகை, பத்துப் பதினைந்து வண்டிகள் நின்றன. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். நான் பக்கத்தில் நின்று முழுக் கதையையும் சொன்னேன். பேட்டரிக் கடை, இடதுபக்கம், முடிச்சு, கேமரா. நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். வழக்குத் தொடுத்தால் ஜெயிக்கிற மாதிரி சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டே விரலால் ஒவ்வொரு வட்டமாகத் தடவினார். ஆசிட் இல்லை என்றார். ஊற்றினாலோ தெளித்தாலோ அது பானெட்டின் சரிவில் வழிந்து கோடாக இறங்கியிருக்கும், சிதறலாகத் துளித்துளியாக விழுந்திருக்கும். இங்கே வழியவே இல்லை. நின்ற இடத்தில் நின்று அரித்திருக்கிறது. கெட்டியாக இருந்த எதையோ யாரோ தொட்டு வைத்திருக்கிறார்கள். பிறகு என்னைப் பார்த்து, வண்டிக்குப் பொட்டு வைக்கிற வழக்கம் உண்டா என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் என்றேன். அதில்கூட ஒரு குறையும் வைக்கவில்லை என்கிற தொனியில்தான் சொன்னேன்.

சுண்ணாம்பு சேர்ப்பீங்களா என்றார். சேர்த்தால்தானே சிவக்கும் என்றேன். அவர் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பூஜையன்று பொட்டு வைத்து மறுநாள் துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது, அப்படித்தான் ஊரே செய்கிறது என்றார். ஈரப் பொட்டை வைத்து மேலே கவரைப் போட்டு மூடினால், மதுரை வெயிலில் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். ஈரமும் வெளியே போகாது. இரண்டு நாள் சுண்ணாம்பு அங்கேயே இருந்து மேல்பூச்சைத் தின்றுவிடும். ஆயுதபூஜை முடிந்து இரண்டு வாரத்தில் இந்த மாதிரி இரண்டு மூன்று வண்டியாவது தன்னிடம் வரும் என்றார்.

"நம்பலேன்னா உங்க வெரல வச்சுப் பாருங்கக்கா."

நான் வைக்க விரும்பவில்லை. ஆனால் வைத்தேன். மோதிர விரலின் நுனியை முதல் வட்டத்தில் வைத்தேன், சரியாக உட்கார்ந்தது. அடுத்ததில் வைத்தேன். அதற்கடுத்ததில். சாய்வுகூட அதே சாய்வு, கவரைத் தூக்கிக் கையைப் பக்கவாட்டில் விட்டால் வருகிற சாய்வு. இருபது வருடம் அடுத்தவர் விரலைப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த கண் எனக்கு. மூன்று மாதம் என் கண்ணெதிரே இருந்த என் விரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தன் கையே தன் கண்ணைக் குத்தியது என்பார்களே, எனக்கு அது சொலவடையாக இல்லை, பானெட்டில் எண்ணிப் பார்க்கும்படி இருந்தது.

மஞ்சளும் சுண்ணாம்பும் கெடுதல் செய்யும் என்று யாருக்குத் தோன்றும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அது உண்மையும்தான். ஆனால் இன்னொரு கேள்விக்கு என்னிடம் சமாதானம் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் இருக்கிறார், எங்கள் பக்கத்து ஆள், தூரத்துச் சொந்தம்கூட. அவர் வீட்டு மாடியிலிருந்து எங்கள் காரின் மேல் எதை வேண்டுமானாலும் போடலாம். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து மீந்த, எந்தப் பெயிண்டையும் கரைக்கும் தின்னர் டப்பாக்கள் அவர் மாடியில் வரிசையாக இருக்கின்றன. நான் துணி காயப்போடும்போது தினமும் பார்த்தவைதான். ஒருநாள்கூட அவரை நான் சந்தேகப்படவில்லை.

பெயிண்ட் அடிக்கச் சொல்லவில்லை. காரை அப்படியே திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தக் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்பெல்லாம் சுவருக்கு மேலேயே பேசிக்கொள்வோம். அவள் யூனிபார்ம் போட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உட்காருங்க மேடம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். பொட்டு, சுண்ணாம்பு, கவருக்குள் சூடு, என் விரல். எல்லாம் என்னால்தான், நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லி முடித்தேன்.

"எங்களுக்குத் தெரியும் மேடம்" என்றாள். "கேமராவுல வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நீங்க கைய விடுறது தெரியுது. மூணாவது வாரமே அவரு கண்டுபிடிச்சுட்டாரு, சுண்ணாம்பாத்தான் இருக்கும்னு."

"அப்பவே வந்து ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். சாமி கும்பிடுவதைக்கூட வேவு பார்க்கிறார்கள் என்று தெருவைக் கூட்டியிருப்பேன். முடிச்சைப் பற்றி நான் கேட்காமலே அவள் சொன்னாள். அன்றைக்குக் கோடைமழைக்கு முன்னால் சூறைக்காற்று அடித்ததாம். கவர் ஒருபக்கம் கழன்று படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்ததாம். உள்ளே தூசி இருந்தால் பெயிண்ட் முழுதும் கீறிவிடும் என்று அவன் கடையிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன், சாப்பிடாமல் முதலில் போய் அதைக் கட்டினானாம்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. இப்போது விட்டால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. "அன்னைக்குக் கோவத்துல ஒரு வார்த்த சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"எந்த வார்த்த மேடம்?"

அவளுக்குத் தெரியாமல் கேட்கவில்லை. கேலியாகவும் கேட்கவில்லை. என் மேசையில் உட்கார்ந்து நான் கேட்பேனே, எந்தக் கையெழுத்து உங்களுடையது, காட்டுங்கள் என்று, அதைப் போலக் கேட்டாள். நான் அதைச் சொல்லி, அது தவறு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எனக்கு வாய் வரவில்லை. சுண்ணாம்பு என்று சொல்லத் தெரிந்தது, என் விரல் என்று சொல்லத் தெரிந்தது. அந்த நாலு சொல்லை இரண்டாவது தடவை சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வாரேன் மேடம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வெள்ளிக்கிழமைப் பொட்டை நிறுத்திவிட்டேன். மூலையை அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். பெயிண்ட் அடித்துவிடலாம் என்று வீட்டுக்காரர் இரண்டு தடவை சொன்னார், இருக்கட்டும் என்றேன். கேமராவும் இருக்கிறது. அதை எடுத்துவிடச் சொல்லலாமே என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆடியில் காற்று தொடங்கியது. கவரை இறுக்கிக் கட்டினேன், என் வழக்கமான முடிச்சுதான். அடுத்தவர் தொட்டால் கண்டுபிடிப்பதற்காகப் போட்ட முடிச்சு அது, காற்றுக்குத் தாங்கவில்லை. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் உள்ளே படுத்திருந்தேன். வெளியே கவர் படார் படாரென்று அடிக்கும் சத்தம் கேட்டது. எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தது. மாப்ள கட்டிவிடுவான் என்று ஒரு கணம் பழைய நினைப்பு வந்தது. யாரும் கட்டவில்லை. சத்தம் கூடிக்கொண்டே போனது.

அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"மேடம், கவரு கழண்டுருச்சு. பெயிண்டு கீறிரும், பாத்துக்கிருங்க."